சவரியப்பனின் சாயாத பிளசர்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் சவரியப்பனின் பிளசர் காரில் ஏறுகிற எவரும் வெறும் பயணி அல்ல. கதவைச் சாத்திய கணத்திலிருந்து அவர் சிப்பந்தி. வாடகையையும் கொடுத்துவிட்டு வேலையும் பார்க்க வேண்டும். அந்த வேலை, சாய்வது.

ஐந்து பேர் உட்காருவதற்காகக் கட்டிய பழைய அமெரிக்கக் கார் அது. அதில் ஒன்பது பேரை ஏற்றாமல் புறப்படுவதைச் சவரியப்பன் ஊதாரித்தனம் என்று நினைத்தார். ஒன்பது பேரோடு வளைவில் திரும்பினால், சாராயக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவனைப்போலக் கார் ஒரு பக்கமாகச் சரியும். சரிய வைக்கிற அந்த ஒன்பது பேரையே வைத்து அதை நிமிர்த்துவதுதான் சவரியப்பன் கண்டுபிடித்த சூத்திரம். வலப்பக்கம் திரும்பும்போது, "இங்கிட்டு!" என்று கத்துவார். ஒன்பது பேரும் டிரைவர் பக்கமாகச் சாய வேண்டும். இடப்பக்கம் திரும்பினால், "அங்கிட்டு!" அவ்வளவு பேரும் மறுபக்கக் கதவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பழகியவர்களுக்குக் கத்த வேண்டிய அவசியமே இல்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆத்மநாதன், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே இரண்டு பக்கமும் சாய்வார். பின்சீட்டில் வலது ஜன்னலோரம் புளி வியாபாரி செங்கமலத்துக்கு நிரந்தர இடம். "அக்கா ஒரு தடவை சாஞ்சா மூணு ஆம்பளை சாஞ்ச மாதிரி" என்று சவரியப்பன் முகத்துக்கு நேரே சொல்வார். செங்கமலம் அதைப் பட்டமளிப்பைப்போல ஏற்றுக்கொள்வாள். புது ஆட்களுக்கு மட்டும் புறப்படுமுன் ஒரு பாடம் நடக்கும். ஏதாவது முணுமுணுத்தால், "சாயத் தெரியாதவுங்க பஸ்ஸுல வாங்க" என்பார் சவரியப்பன். கார் போகிற குடுமியான்மலைக்கு அப்போது பஸ் கிடையாது. அதனால்தான் அவ்வளவு தைரியம்.

இந்தக் கார் அவரிடம் வந்த வரலாற்றைக் கேட்டால், "அரண்மனைக் கார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு புதுக்கோட்டையில் பழைய கார் வைத்திருந்த எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள். அத்தனை காரும் அரண்மனையில் நின்றிருந்தால் மனிதர்கள் மரத்தடியில்தான் படுத்திருக்க வேண்டும். உண்மையில் அது திருமயம் பக்கத்து வியாபாரி ஆதப்பனின் கார். பர்மாவிலிருந்து திரும்பிய அவர் மதராஸுக்குக் குடிபோகும்போது, பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த சவரியப்பனிடமே அதைத் தள்ளிவிட்டுப் போனார். கார் கைமாறிய அன்று சாயங்காலமே, சவரியப்பனின் பேச்சில், அது அரண்மனைக்குப் போய்த் திரும்பிவிட்டது.

சவரியப்பனிடம் இன்னொரு குணம் உண்டு. அவர் தப்பு செய்ததே இல்லை. டயர் பஞ்சரானால் ஆணியின் குற்றம். என்ஜின் கொதித்தால் வெயிலின் குற்றம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்தினால் சாமியார் முந்திவிட்டார் என்று அர்த்தம். அவர் மனைவி சந்தனமேரிக்கு இதெல்லாம் மனப்பாடம். "பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா அந்தச் சாமியார்கிட்ட என்னதான் சொல்லுவீங்க? ஊர்ல எல்லாரு பாவத்தையுமா?" என்று கேட்பாள்.

ஐம்பத்தேழில் குடுமியான்மலைக்குப் பஸ் வந்தது. புது பஸ். ஜன்னலுக்கு மேல் 'வயிரவன் மோட்டார் சர்வீஸ்' என்று சிவப்பு எழுத்து. அதன் கண்டக்டர் முதல் நாளே வேப்பமரத்துக்கு எதிரில் நின்று, "ஏறுங்க, ஏறுங்க! சாயாம போகலாம்!" என்று கூவினான்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷமும் சாய்ந்து சாய்ந்து வேலை பார்த்த ஜனங்களுக்கு, சும்மா உட்கார்ந்து போகிற சுகம் ஒன்று உலகத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஆத்மநாதன் முதலில் வேப்பமரத்தைப் பார்க்காமல் நடந்தார். பிறகு பார்த்துக்கொண்டே நடந்தார். காரில் நாலு பேர் சேருவதே கஷ்டமாயிற்று. நாலு பேரோடு கார் அவ்வளவாகச் சாயவில்லை என்பது உண்மை. அதில் சவரியப்பனுக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

செங்கமலம் மட்டும் மாறவில்லை. ஜன்னலோரப் பதவியை விட அவளுக்கு மனமில்லை. ஆனால் ஆனி மாதத்தில் ஒருநாள் அவளும் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"தம்பி, எம் மக செவந்திக்கு ஆவணியில முகூர்த்தம் வச்சாச்சு. கீரனூர் மாப்பிள்ள. குடுமியான்மலைக் கோயில்ல தாலி."

"ரொம்ப சந்தோசம்க்கா. மாப்பிள்ளைய நம்ம அரண்மனைக் கார்ல…"

"அதைத்தான் சொல்ல வந்தேன். பஸ்ஸைப் பேசலாம்னு இருக்கேன்."

"ஏன்க்கா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீ என்னைக்குத் தம்பி தப்புப் பண்ணிருக்கே? மாப்பிள்ளைக்கு மாலையப் போட்டுத் தலைப்பாகையக் கட்டி உக்கார வச்சிருப்பாக. நீ இங்கிட்டுன்னு கத்துவே. அவரு பக்கத்துல இருக்குற பொம்பளைக மேல போயி விழுவாரு. மாப்பிள்ளைன்னா வரும்போதாவது நிமிந்து வரணும்ப்பா. பெறகு காலம் பூரா சாயத்தானே போறாரு."

சவரியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மிச்சமிருந்த நாலு பேரும் சந்தைக்காரர்கள், செங்கமலம் எதில் ஏறுகிறாளோ அதில்தான் ஏறுவார்கள். அவள் வீட்டு மாப்பிள்ளையே பஸ்ஸில் வந்து இறங்கினால், மறுநாள் காரை வேப்பமரத்தோடு கட்டிப்போட்டு விட்டு மாடு மேய்க்கப் போகவேண்டியதுதான்.

"அக்கா, ஆவணிக்குள்ள நம்ம காரைச் சாயாம பண்ணிர்றேன். சாஞ்சா பஸ்ஸை வச்சுக்கங்க. சாயலேன்னா?"

"சாயலேன்னா உன் கார்தான். நான் என்ன உனக்கு வேத்தாளா?"

மறுநாளே திருச்சிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே ராமு என்று ஒரு மெக்கானிக். தனக்குத் தெரியாத வண்டி உலகத்தில் ஓடவில்லை என்று சொல்லிக்கொள்கிறவன். காருக்கு அடியில் புகுந்து தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"அண்ணே, முன்னால குறுக்கு ராடே இல்லியே?"

"அது எதுக்கு?"

"எதுக்கா? இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் குறுக்கால ஒரு கம்பி போகும்ணே. வளைவுல வண்டி ஒரு பக்கம் அமுங்குதுல்ல? அப்ப அந்தக் கம்பி முறுக்கிக்கிட்டு, அமுங்காதேன்னு பிடிக்கும். அது இல்லாம எப்படித்தான் ஓட்டினீங்க? கழட்டினது யாரு?"

கழற்றியது சவரியப்பன்தான். சில வருஷங்களுக்கு முன்பு அது கடகடவென்று சத்தம் போட்டது. சத்தம் போடுகிற ஒரு கம்பி வேலையும் செய்யக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். சந்தனமேரி அதில்தான் தேங்காய் உரிக்கிறாள்.

"அரண்மனையிலேயே கழட்டிட்டாங்க" என்றார் சவரியப்பன்.

"சரி, அதே கனத்துல ஒண்ணு பாக்குறேன். கட்டைவிரல் கனம் இருக்கும்."

"கட்டைவிரலா? மணிக்கட்டுக் கனத்துல போடுப்பா. சாயவே கூடாது."

ராமு தலையைச் சொறிந்தான். பழைய இரும்புக் கடையில் பட்டாளத்து லாரியின் கம்பி ஒன்று கிடப்பது அவனுக்குத் தெரியும். "போடலாம்ணே. தார் ரோட்டுல ராஜா மாதிரி போகும். வண்டித்தடத்துல மட்டும் ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்குனா அடுத்த சக்கரத்தையும் சேத்து இழுக்கும். அப்புறம் வண்டியோட இந்தப் பழைய அடிச்சட்டத்துல போல்ட்டு அவ்வளவு கனத்தைத் தாங்குமான்னு…"

"நீ போடு. ஆவணி நெருங்குது."

ராமு போட்டான். சொன்ன பேச்சைக் கேட்காத வாடிக்கைக்காரரை அவனுக்கு மிகவும் பிடிக்கும். அவர்தான் திரும்பி வருவார்.

திருச்சியிலிருந்து திரும்பும்போதே சவரியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. கார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பியது. லஞ்சம் கொடுக்க யாரும் வராத ஆபீசர் எவ்வளவு விறைப்பாக இருப்பாரோ அவ்வளவு விறைப்பு. மறுநாள் காலை வேப்பமரத்தடியில் நின்று, "இன்னைக்கு யாரும் சாய வேண்டாம்! நானும் கத்தமாட்டேன்!" என்று அறிவித்தார். வேடிக்கை பார்க்கவே ஒன்பது பேர் ஏறினார்கள். ஆத்மநாதனும் கூட, பஸ் டிக்கெட் வாங்கப் போனவர், திரும்பி வந்து ஏறினார்.

ஊரைத் தாண்டி முதல் வளைவு. சவரியப்பன் வாயைத் திறக்கவில்லை. காரும் சாயவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களின் உடம்புக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. பல வருஷப் பழக்கம், வளைவைக் கண்டதும் ஒன்பது பேரும் ஒரே வீச்சில் சாய்ந்தார்கள். கார் எதிர்ப்பக்கம் சாயாததால் கொத்தாக ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஆத்மநாதன் பத்திரிகையோடு போய்ச் செங்கமலத்தின் புளிக்கூடைக்குள் உட்கார்ந்தார்.

"சார், ஆபீசுல சாயிற பழக்கத்தை இங்க எதுக்குக் கொண்டாரீங்க?" என்றாள் செங்கமலம்.

"நான் சாயலைம்மா. கார் சாயாம இருந்துருச்சு" என்றார் குமாஸ்தா, பின்புறத்தைத் தட்டிக்கொண்டே.

இறங்கும்போது செங்கமலம் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. இனி அவள் சாய்வதற்கு மதிப்பில்லை. இருந்தாலும் சொன்ன வாக்கு. "சரி தம்பி. மாப்பிள்ள உன் கார்ல. சொந்தக்காரவுக பின்னாடி பஸ்ஸுல."

அத்தோடு சவரியப்பன் நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. ஆனால் நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாலத்தைப் பலப்படுத்தினால் அதன்மேல் சந்தை கூடிவிடும். கயிறு கனமாகக் கிடைத்தால் இன்னும் இரண்டு மாட்டைச் சேர்த்துக் கட்டுவோம். ஒன்பது பேரோடு சாயாத கார், பதினொரு பேரோடு ஏன் சாய வேண்டும் என்று சவரியப்பன் கேட்டுக்கொண்டார். அதற்கும் கார் சாயவில்லை. புட்போர்டில் ஒருவர், டிக்கியைத் திறந்து வைத்து அதில் ஒருவர். சவுகரியம் கருதிப் போட்ட கம்பி, ஒரே வாரத்தில் சவுகரியத்தைத் தின்று தீர்த்தது.

"வண்டிக்கு முதுகெலும்பு வச்சிட்டீங்க, சரி" என்றாள் சந்தனமேரி. "கல்யாணத்தன்னைக்காவது மாப்பிள்ளைய மட்டும் ஏத்துங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளை வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா?"

முகூர்த்தத்தன்று கீரனூரில் அவர் ஏற்றியது பதின்மூன்று பேர். மாப்பிள்ளை, அவர் ஆத்தா, அத்தைமார், சித்தப்பாமார், முன்சீட்டில் தாய்மாமன் வீரய்யா, அவர் மடியில் பழத்தட்டு. மேளக்காரர்கள் புட்போர்டில். தவிலைக் காரின் கூரைமேல் கட்டியாயிற்று. பின்னாலேயே பஸ், சொந்தபந்தத்தோடு. செங்கமலத்தின் தரப்பில் மாப்பிள்ளையை அழைக்கப் போன ஆத்மநாதனும் அதில் இருந்தார்.

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குத் தார் ரோடு. கீரனூரிலிருந்து குறுக்கே வந்தால் வண்டித்தடம். மாட்டுவண்டிச் சக்கரங்கள் காலங்காலமாக உழுது போட்ட செம்மண் பள்ளம். இது சவரியப்பனுக்குத் தெரியாததல்ல. ஆனால் பெருமை கண்ணை மறைத்தால் ரோடு எங்கே தெரியும்?

முதல் பள்ளத்தில் இடச்சக்கரம் இறங்கியது. கனத்த கம்பி வலச்சக்கரத்தையும் சேர்த்து இழுத்தது. அடுத்த பள்ளத்தில் வலச்சக்கரம் இறங்கியது, இடச்சக்கரம் இழுபட்டது. முறத்தில் போட்ட அரிசியைப்போல் பதின்மூன்று பேரையும் கார் இப்படியும் அப்படியும் புடைத்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒருதரம் ஜன்னலில் இடித்தது, ஒருதரம் அவர் அத்தையின் மூக்கில் இடித்தது.

"டிரைவர்! இதென்ன காரா, கட்டுமரமா?" என்று கத்தினார் வீரய்யா. மடித்தட்டிலிருந்த வாழைப்பழம் ஒவ்வொன்றாகச் சவரியப்பனின் காலடிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது.

"நல்லாப் பாருங்கய்யா. கார் சாயவே இல்லை. ரோடுதான் சாயுது."

"எது சாஞ்சா என்னய்யா? எங்க அக்கா மொகம் பச்சையாயிருச்சு!"

கண்மாய்க்கரை வந்தது. கரைமேல் ஒற்றைத்தடம், அதன் கோடியில் ஒரு வளைவு. அங்கே திரும்பினால் கோயில் மலை எதிரே தெரியும். சவரியப்பன் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். பழைய சட்டத்திலிருந்த போல்ட்டு, இதுவரை தாங்கியதே அதிகம் என்று முடிவு செய்தது. கம்பியின் ஒரு முனை பிய்த்துக்கொண்டு கீழே விழுந்து, கலப்பைக் கொழுவைப்போல மண்ணில் ஊன்றியது. கார் அப்படியே நின்றது. தவில் நிற்கவில்லை. அது கூரையிலிருந்து பானட்டுக்கு வந்து, அங்கிருந்து கரைச் சரிவில் உருண்டு, கண்மாயில் கொஞ்சம்போல் இருந்த தண்ணீரில் போய் உட்கார்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மாப்பிள்ளையின் தலைப்பாகை சவரியப்பனின் மடியில் கிடந்தது.

பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் சந்தோஷமாக இறங்கி ஓடிவந்து பார்த்தான். பிறகுதான் ஒற்றைத்தடத்தில் காரைத் தாண்டி பஸ்ஸும் போகமுடியாது என்பது அவனுக்கு உறைத்தது. சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது. கோயிலுக்கு இன்னும் அரை மைல்.

வீரய்யா இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டார். "கீரனூர்ல இருந்து மாப்பிள்ளையக் கார்ல கூட்டியாந்து, கண்மாய்க்கரையில எறக்கி நடத்தியா கூட்டிக்கிட்டுப் போவீங்க? எங்க ஊர்ல எவன்டா எங்களை மதிப்பான்? ஏ, திருப்புடா பஸ்ஸை! வீட்டுக்குப் போவோம்!"

பஸ்ஸைத் திருப்பவும் இடமில்லை. ஆனால் வீரய்யாவுக்கு அது தெரியவில்லை. செங்கமலத்துக்கும் தெரியவில்லை. கோயில் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவள், கார் நின்றதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டும் கையுமாகக் கரையோடு ஓடிவந்திருந்தாள். மூச்சு வாங்க, சவரியப்பனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருடைய வேப்பமரம், கார், சந்தை வாடிக்கை எல்லாம் சேர்ந்து எரிந்தன.

சவரியப்பன் மடியிலிருந்த தலைப்பாகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். தப்பே செய்யாத மனிதர். இப்போது மட்டும் எங்கிருந்து செய்திருப்பார்?

"ஐயா, கார் நின்ன எடத்தைப் பாருங்க" என்றார் வீரய்யாவிடம். "மலை கண்ணுக்குத் தெரியுது. சாமி எல்லை. இங்க எறங்கித்தான் மாப்பிள்ள நடக்கணும். அரண்மனைக் கல்யாணத்துலயெல்லாம் இதான் முறை. காருக்கே தெரிஞ்சிருக்கு, நின்னுருச்சு."

வீரய்யா வாயைப் பிளந்தார். விஷயம் புரியச் செங்கமலத்துக்கு ஒரு கணம்தான் பிடித்தது. "அதுக்குத்தானே நான் இவ்வளவு தூரம் ஓடிவந்தேன்! எதிர்கொண்டு அழைக்க வேண்டாமா?" என்றாள். தட்டிலிருந்த ஆரத்தி ஓட்டத்திலேயே பாதி சிந்தியிருந்தது.

பஸ் ஜன்னலிலிருந்து ஆத்மநாதன் தலையை நீட்டினார். "குடுமியான்மலைக் கல்வெட்டுலயே இருக்குங்க" என்றார். அந்தக் கல்வெட்டு சங்கீதத்தைப் பற்றியது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எவரும் அதைப் படித்ததில்லை. அதனால் எது வேண்டுமானாலும் அதில் இருக்கும்.

"அரண்மனையிலயுமா நடந்தாக?" என்றார் வீரய்யா, குரல் இறங்கி.

"வெறுங்கால்ல" என்றார் சவரியப்பன்.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். தலைப்பாகை ஏறியது. தண்ணீர் சொட்டச் சொட்டத் தவில் மேலே வந்தது. தொண்டை கட்டியவனைப்போல அது 'பொத் பொத்' என்று முழங்க, கீரனூர் கூட்டம் தலை நிமிர்ந்து நடந்தது. யாரும் எந்தப் பக்கமும் சாயவில்லை. கடைசிவரை சவரியப்பனோடு கார் அருகிலேயே நின்றவன் பஸ் கண்டக்டர் ஒருவன்தான். "அண்ணே, இந்தப் பொழப்பு எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

செவந்தி கல்யாணம் ஊர்ப்பேச்சாயிற்று. கண்மாய்க்கரையில் இறங்கி நடக்காத மாப்பிள்ளை மாப்பிள்ளையா என்று ஐப்பசிக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறைக்குப் பஸ் சரிப்படவில்லை. எல்லா இடத்திலும் நிற்கிற வண்டி கண்மாய்க்கரையில் நின்றால் அதில் என்ன மரியாதை இருக்கிறது? கல்யாண வீட்டுக்காரர்கள் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். சவரியப்பன் திருச்சிக்குப் போய்ச் சட்டத்தைப் பலப்படுத்தி, கம்பியைச் சன்னமாக்கிப் பொருத்திக்கொண்டு வந்தார். வண்டித்தடத்திலும் கார் இப்போது ஒழுங்காக ஓடியது.

தை மாதத்தில் ஏகாம்பரம் என்ற அரிசி வியாபாரியின் மகனை அதே வழியில் அழைத்துப் போனார். கண்மாய்க்கரை வளைவில் கார் ஆடாமல் அசையாமல் திரும்பியது. சவரியப்பன் மெதுவாகப் பிரேக்கை மிதித்து, "ஐயா, எல்லை வந்துருச்சு. எறங்குங்க" என்றார்.

ஏகாம்பரம் இறங்கவில்லை. "என்னப்பா, சும்மா நிறுத்துறே?"

"நடக்குற எடம் இதாங்க."

"எடம் தெரியும். செங்கமலம் வீட்டுக் கல்யாணத்துல கம்பி விழுந்துச்சாம்ல? மண்ணுல ஊனிக்கிச்சாம்ல?"

"அது அப்பங்க. இப்ப வண்டி நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா?" ஏகாம்பரத்தின் முகம் சிவந்தது. பின்சீட்டிலிருந்த சம்பந்திகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். "புளிக்காரி வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி ரிப்பேர் ஆகும். எங்க வீட்டுக்குன்னா ஆகாதா? நாங்க என்ன எளப்பமா?"

சவரியப்பன் அவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, தோள் துண்டைச் செம்மண்ணில் விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார்.

"சீக்கிரம் ஆகட்டும்ப்பா" என்றார் ஏகாம்பரம். "முகூர்த்தம் தவறிடப் போவுது."